சும்மா மலையேறுகிறவர்

மக்காள், நீங்கள் மூன்று பேரும் கியர் வைத்த சைக்கிளில் பழகியவர்கள். ஏற்றம் வந்தால் விரலால் ஒரு தட்டு, வண்டி இலேசாகிவிடும். அது பிழை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரேயொரு கியர் உள்ள, கனத்த இரும்புச் சைக்கிளில், ஐம்பதை எட்டிக்கொண்டிருந்த ஒரு மனிதர் வாராவாரம் மலையேறினார். அதனால் அவருடைய மகளின் கலியாணம் நின்றுபோகப் பார்த்தது. நான் அதிகம் படித்தவன் இல்லை. கண்டதைக் கண்டபடி எழுதித் தருகிறேன், ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

பெயர் சொல்ல மாட்டேன். அவருடைய பேரப்பிள்ளைகள் உங்களோடு பழகுகிறவர்கள். அண்ணன் முறைக்கு நான் அவரைக் காக்கா என்று கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

கல்முனைக் கடைத்தெருவில் என்னுடைய பாத்திரக் கடைக்கு அடுத்தது அவருடைய தையல் கடை. நாங்கள் கடை வைத்திருந்த அந்தத் தொண்ணூறுகளில் பெருநாளைக்கு முதல் நாள் அந்தக் கடைக்குள் கால் வைக்க இடம் இருக்காது. ஆளுக்கு ஆள் சத்தம் போடுவார்கள். காக்கா தையல் மெஷினை மிதித்துக்கொண்டே இருப்பார். கூட்டம் இல்லாத மாதத்தில் எப்படி மிதிப்பாரோ, அதே மிதிதான்.

"காக்கா, எங்கட சட்டைய இந்தப் பெருநாளைக்குத் தருவீங்களா, ஹஜ்ஜுப் பெருநாளைக்குத் தருவீங்களா?"

"இண்டைக்கு."

"அப்ப கொஞ்சம் கெதியா மிதிங்களன்."

"கெதியா மிதிச்சா நூல் அறும். நூல் அறுந்தா நீ இன்னம் கொஞ்ச நேரம் என்ட மூஞ்சயப் பாத்துக்கிட்டு நிக்கணும். உனக்கு அது விருப்பமா?"

கேட்டவன் சிரித்துக்கொண்டு நகர்ந்துவிடுவான். இரவுத் தொழுகைக்கு இஷா பாங்கு சொல்லும்போது எல்லோருடைய கையிலும் சட்டை இருக்கும்.

சோறு தின்றாலும் அதே வேகம். சண்டைக்கு வந்தவனோடு கதைத்தாலும் அதே வேகம். ஒருவர் தன் சட்டையை இறுக்கமாகத் தைத்துவிட்டார் என்று தெருவே கேட்க ஏசினார். காக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, "முடிஞ்சிட்டா, இன்னம் இருக்கா?" என்றார். அந்த மனிதர் யோசித்துப் பார்த்து, "முடிஞ்சிட்டு" என்றார். காக்கா சட்டையை வாங்கித் தையலைப் பிரிக்கத் தொடங்கினார்.

அப்படிப்பட்டவருக்கு மலை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் கரையில் மலை கிடையாது. கல்முனையிலிருந்து எந்தப் பக்கம் மிதித்தாலும் தரை பாய் விரித்ததுபோலக் கிடக்கும். இறக்காமம் பக்கத்தில் ஒரு மையத்து வீட்டுக்குத் துக்கம் கேட்கச் சைக்கிளில் போய்த் திரும்பும்போதுதான் அவர் அந்தக் கல்மலையைக் கண்டார். முன்னொரு காலத்தில் கல் உடைக்க வெட்டிய கிறவல் ரோட்டு ஒன்று அதைச் சுற்றிச் சுற்றி மேலே போகும். கல் உடைப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். ரோட்டு மட்டும் மிச்சம். சும்மா ஏறிப் பார்த்தாராம். பாதியில் மூச்சு முட்டி இறங்கிவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை கடை பூட்டு. விடிய சுபஹு தொழுதுவிட்டுத் திரும்பவும் போனார். பிறகு எல்லா வெள்ளிக்கிழமையும் அங்கேதான். மத்தியான ஜும்ஆத் தொழுகைக்கு முன்னர் வீடு வந்து குளித்துவிடுவார்.

"இந்த வயசில இது என்ன வேலை காக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இந்த வயசிலதான்டா இது வேலை. இருவது வயசில ஏறியிருந்தா ஏறினதே எனக்குத் தெரிஞ்சிருக்காது. அப்ப காலு தானாப் போகும். இப்ப ஒவ்வொரு மிதியும் தெரியுது. இந்த மிதி என்ட மிதி, அடுத்ததும் என்ட மிதி எண்டு தெரியுது. அதுக்குப் பொறகு வீட்டுல குடிக்கிற ஒரு கோப்பை தண்ணி இருக்கே, அது பாலும் தேனும்."

"கியர் வெச்ச சைக்கிள் வாங்கலாமே?"

"கியர் இருந்தா எதைப் போடுறது எண்டு யோசிக்கணும். இதில யோசிக்க ஒண்டுமில்ல. மிதிக்கணும், இல்லாட்டி இறங்கணும். நான் இறங்கிறல்ல."

இனிமேல் வருவதுதான் பிரச்சினை. அது சண்டைக் காலம். மலையடியில், வரிப்பத்தான்சேனைப் பக்கத்து வீடுகள் முடிந்து ஒரு வளைவுக்கு அப்பால், ஊர்க் கண்ணில் படாத இடத்தில் ஆமியின் காவல் சென்றி ஒன்று இருந்தது. மணல் மூட்டை, தகரக் கூரை, மூன்று நான்கு சிங்களப் பொடியன்கள், கையில் துவக்கு. அதில் கொஞ்சம் மூத்தவன் காக்காவை மறித்தான்.

"எங்க போறாய்?"

"மலைக்கு."

"மேல ஆர் இருக்கிற?"

"ஒருத்தரும் இல்ல."

"என்ன கொண்டு போறாய்?"

"ஒண்டுமில்ல."

"அப்ப ஏன் போறாய்?"

காக்காவுக்குத் தெரிந்த சிங்களத்தில் அதற்கு ஒரு சொல் இருந்தது. "நிக்கங்," என்றார். சும்மா என்று அர்த்தம்.

அவர்கள் சீற்றைக் கழற்றிக் குழாய்க்குள் பார்த்தார்கள். காற்றடிக்கும் பம்பைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லாததுதான் அவர்களுக்குக் கூடப் பயமாக இருந்திருக்க வேண்டும். கடைசியில் அந்த மூத்தவன் சொன்னானாம், "அடுத்தமுறை என்னத்தையாவது கொண்டு வா ஐயா. வெறுங்கையோட மலையேறுற மனிசனை நான் எப்பிடி விடுறது?"

அடுத்த வெள்ளிக்கிழமை காக்கா கெரியரில் ஒரு கட்டுக் கருவாட்டைக் கட்டிக்கொண்டு போனார். சென்றியில் கொடுத்தார். அவர்களுக்குச் சந்தோஷம். அதன் பிறகு வெள்ளிக்கிழமை என்றால் அவர்கள் கருவாட்டுக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்கள்.

இனி, ஊர்க்காரரின் கண்ணால் பாருங்கள். கரைப்பக்கத்து ஊரிலிருந்து ஒரு நடுவயது மனிதர் வாராவாரம் கருவாட்டோடு ஊரைக் கடந்து மலைப்பக்கம் போகிறார். திரும்பி வரும்போது கருவாடு இல்லை. போதாக்குறைக்கு, மாடு மேய்க்கிறவன் ஒருவன் இன்னொன்றையும் கண்டுவிட்டான். மலையடியில் அவர் சாரனைக் கழற்றி மடித்துக் கெரியரில் வைக்கிறார். சாரனுக்குக் கீழே முழங்காலை மூடும் களிசான் ஒன்றைத் தானே தைத்துப் போட்டிருந்தார் என்பது மாட்டுக்காரனுக்குத் தூரத்தில் தெரியவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் நாலைந்து வீடுகள் வேறு இருந்தன. கருவாட்டைக் கொண்டுபோகிறார், சாரனைக் கழற்றுகிறார், வேர்த்துப்போய்த் திரும்பி வருகிறார். ஊர் கணக்கைக் கூட்டி முடித்துவிட்டது. மேலே ஒருத்தி இருக்கிறாள்.

அந்த நேரம்தான் காக்காவின் மூத்த மகளுக்கு வரிப்பத்தான்சேனையிலேயே மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தோம். பேசியது நான். மாப்பிள்ளையின் வாப்பா வயல்காரர், எல்லோரும் போடியார் என்று கூப்பிடுவார்கள். உங்கள் உம்மாவின் வழியில் எனக்குத் தூரத்து மச்சான். பெடியன் நல்லவன், மகளுக்கும் விருப்பம். எல்லாம் முற்றாகி, நாள் குறிக்கப் போன இடத்தில் போடியார் வெற்றிலைத் தட்டத்தை என் பக்கம் தள்ளாமல் தன் மடிக்குக் கீழேயே வைத்துக்கொண்டார்.

"மச்சான், நாள் குறிக்க முந்தி ஒரு கதை இருக்கு," என்றார். ஊர்க் கதை முழுவதையும் சொன்னார்.

"பச்சப் பொய் மச்சான். அவர் சும்மா ஏறுறவர்."

"சும்மா? நான் இந்த மலையடியிலதான் பொறந்தன். எங்கட வாப்பாவும் இங்கதான். சும்மா ஒருத்தரும் அதில ஏறினல்ல. விறகுக்கு ஏறினாங்க, கல்லுக்கு ஏறினாங்க, மாடு தேடி ஏறினாங்க. கருவாட்டோட ஆரும் சும்மா ஏறினத நான் கேள்விப்பட்டதில்ல."

"அதுக்கும் பெடியனுக்கும் என்ன?"

"எங்கட புள்ளை நாளைக்குப் போய் இருக்கப் போற வீடு மச்சான்."

 எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். மகளுக்கென்று வாப்பா கட்டின வீட்டில்தான் இருவரும் வாழ வேண்டும். அந்த வாப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்தால் நாளைக்கு அந்த வீட்டுக்கு வேறு பிள்ளைகளும் வந்து நிற்கலாம். போடியார் கேட்டதில் நியாயம் இருந்தது. "நீ ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு," என்றார்.

நேரே காக்காவின் வீட்டுக்குப் போய், மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.  அவருடைய பெண்சாதி, நான் ராத்தா என்று கூப்பிடுகிறவ, மீன் கழுவிக்கொண்டிருந்தா. கையை உதறிவிட்டுச் சிரித்தா.

"ஒருத்தி இருக்காளாமா? தம்பி, இந்த மனிசன் வெள்ளிக்கிழமை வந்து அடிப்பிடிச்ச சோத்தையும் சுரண்டித் தின்னுறாரு. பொண்டாட்டி ஊட்டுக்குப் போயிட்டு வாறவன் இப்பிடிப் பசிச்சு வருவானா? அப்பிடி ஒருத்தி இருந்தா, சமைக்கத் தெரியாத ஒருத்தி."

"நீயும் வா," என்றார் காக்கா என்னிடம். "டயருக்குக் காத்தடிச்சிக்கிட்டு வா."

எனக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. சைக்கிளில் நான் மட்டமில்லை. கச்சான் காலத்தில் மேற்கிலிருந்து காற்று முகத்தில் அடிக்க அடிக்க வயற்பக்கம் மிதித்துப் பழகியவர்கள் நாங்கள். அந்தக் காற்றுக்கு ஒரு முறை உண்டு. தலையைக் குனிந்து, எழும்பி நின்று, நாலு மிதி உறைக்க மிதித்தால் ஒரு தென்னந்தோட்டமோ வீட்டு மதிலோ வந்து மறைக்கும். அங்கே மூச்சு விடலாம். தாங்காவிட்டால் மரத்தடியில் கொஞ்சம் இருந்தால் காற்று விழும்.

மலையிலும் அதையே செய்தேன். தலையைக் குனிந்தேன், எழும்பி நின்றேன், காக்காவை விட்டுவிட்டுப் பறந்தேன். முதல் வளைவுக்கு அப்பால் மறைப்பு வரவில்லை. இன்னும் ஏற்றம்தான் வந்தது. காதுக்குள் நெஞ்சு அடித்தது. காலைக் கீழே ஊன்றிவிட்டேன். பின்னால் காக்கா வந்தார். ரோட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கும் அங்கிருந்து இங்கேயும் வளைந்து வளைந்து வந்தார். நடக்கிறவனைவிடக் கொஞ்சம்தான் கூடிய வேகம்.

"கொஞ்சம் இருந்து போவம் காக்கா," என்றேன். "குறையும்."

"என்னடா குறையிற? மலையா?"

அவர் சிரித்தது எனக்குக் கேட்டது. நிற்கவில்லை.

நான் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவர் உச்சிப் பாறையில் கால் நீட்டி உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். எனக்கும் ஒன்று தந்தார். சுற்றிப் பார்த்தேன். கல் உடைத்த பள்ளத்தில் மழைத்தண்ணீர், ஒரு பாலை மரம், நாலைந்து பல்லி. கிழக்கே தூரத்தில் கோடு கிழித்ததுபோலக் கடல். நாங்கள் பிறந்து வளர்ந்த கடல், அத்தனை ஒடுக்கமாக. பழம் தின்று முடிந்ததும் எழும்பினார். அவ்வளவுதான். அந்தப் பக்கத்து வீடுகளுக்குப் போக அங்கிருந்து பாதையே இல்லை.

போடியாரிடம் போய்ச் சொன்னேன். மேலே ஒன்றுமில்லை, கருவாடு சென்றிக்கு, களிசான் இருக்கிறது. அவர் என்னை நம்பினார், ஆனால் ஊர் நம்பாது என்றார்.

"ஒரு வேலை செய்வம். கலியாணம் முடியுமட்டும் அவர் மலைக்குப் போகாம இருக்கட்டும். வாய்கள் தானா மூடும். இது பெரிய கேள்வியா?"

பெரிய கேள்வியே இல்லை என்று நானும் நினைத்தேன். சந்தோஷமாகத் தையல் கடைக்கு வந்தேன். காக்கா ஒரு சட்டைக்குப் பொத்தான் ஓட்டை தைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே அந்த ஓட்டையை முடித்து நூலை அறுத்தார்.

"நிப்பாட்ட ஏலாது," என்றார் பிறகு.

"காக்கா, மகள்ட நசீபு, மகள்ட வாழ்க்கை இது."

"அதுக்குத்தான் சொல்றன். இண்டைக்கு நான் நிப்பாட்டினா அங்க ஒருத்தி இருந்தது மெய் எண்டு ஆகும். சொல்லுக்குப் பயந்து உட்டுட்டான் எண்டு ஆகும். பொறகு என்ட புள்ளை அந்த மாப்புள்ளையோட வாழுற காலமெல்லாம் அந்தச் சொல்லையும் வெச்சுக்கிட்டு வாழணும். ஒரு சின்னச் சண்டை வந்தா அதுதான் முதல்ல வெளிய வரும். அந்தப் போடியார வரச் சொல்லு. வெள்ளிக்கிழமை. சைக்கிள்ள."

"அவர் வராட்டி?"

"வராட்டி கலியாணம் இல்ல."

இதையும் பொத்தான் தைக்கிற வேகத்தில்தான் சொன்னார்.  கலியாணம் பேசிவிட்டவன் நான். இரண்டு பக்கமும் என்னைத்தான் கேட்கும்.

அந்த வெள்ளிக்கிழமை விடிய, காக்காவின் வீட்டு வாசலில் தண்ணீர்ப் போத்தலைக் கெரியரில் கட்டியது மகள்தான். முடிச்சை இழுத்துப் பார்த்தாள், திரும்பவும் இழுத்துப் பார்த்தாள். "வாப்பா, போங்க," என்றாள்.  என் முகத்தைப் பார்க்கவில்லை.

போடியார் தன் வீட்டு வாசலில் தயாராக நின்றார், அவருடைய பெண்சாதி கதவோரம் நின்று காக்காவைச் சந்தேகமாக ஒரு பார்வை பார்த்தா. வயலுக்குப் போகிற பெரிய சைக்கிள், நல்ல உடம்பு, ஐம்பதைக் கடந்த வயது. சென்றியில் காக்கா கருவாட்டுக் கட்டை அவிழ்த்துக் கொடுத்ததைக் கண்கொட்டாமல் பார்த்தார். அந்த மூத்த பொடியன் போடியாரையும் என்னையும் பார்த்துவிட்டு, காக்காவைக் காட்டி, "பிஸ்ஸு," என்றான். சிங்களத்தில் விசர், பைத்தியம் என்று அர்த்தம். மரியாதையாகத்தான் சொன்னான். பிறகு காக்கா சாரனைக் கழற்றினார். போடியார் குனிந்தே பார்த்துவிட்டார்.

"நல்ல தையல்," என்றார்.

ஏறத் தொடங்கினோம். போடியார் என்ன செய்திருப்பார் என்று உங்களுக்கே தெரியும். மலையடியில் பிறந்தவர்தான், ஆனால் மிதித்தது முழுக்க வயல் ரோட்டிலும் கச்சான் காற்றிலும். தலையைக் குனிந்து, எழும்பி நின்று, புழுதி பறக்கப் போனார். "சம்மந்தி, மேல தேத்தண்ணி வெச்சுக்கிட்டு நிக்கிறன்," என்று கத்திவிட்டு வேறு போனார்.

இரண்டாவது வளைவில் அவரைக் கண்டோம். ஹேண்டிலில் நெற்றியை வைத்துக் குனிந்து நின்றார். முதுகு ஏறி இறங்கியது. காக்கா வளைந்து வளைந்து அவரிடம் வந்துகொண்டிருந்தார். செயின் ஒவ்வொரு பல்லாக ஏறுகிற சத்தம் கேட்டது. எனக்கும் அன்றைக்குக் கால் கொஞ்சம் படிந்திருந்தது. முகத்தில் வெயில், மூக்கில் சூடான கல் மணம், தொடைக்குள் ஒரு நல்ல நோவு. மெல்லப் போனால் இந்த மலை நம்மை உள்ளே விடுகிறது என்று முதன்முதலாகத் தோன்றியது.

"கொஞ்சம் நில்லுங்களன்," என்றார் போடியார்.

"நிண்டா திரும்ப ஏறி மிதிக்க ஏலாது. மேல இருப்பன்."

காக்கா போய்விட்டார். மாப்பிள்ளையின் வாப்பா, கையால் மறித்து, வாய்விட்டுக் கேட்கிறார். நாள் குறிப்பதும் குறிக்காததும் அவர் வாயில் இருக்கிறது. அவரைத் தாண்டி, அதே வேகத்தில், அடுத்த வளைவில் மறைந்துவிட்டார். நான் சைக்கிளை விட்டு இறங்கி போடியாரின் பக்கத்தில் நின்றேன். இனிக் கலியாணம் இல்லை என்றே நினைத்தேன்.

இருவரும் சைக்கிளைத் தள்ளினோம். கனதூரம் போன பிறகு போடியார் வாய் திறந்தார்.

"சம்மந்தியாகப் போறவன் நிக்கச் சொல்லியும் நிக்கல்ல."

"அவர் ஆருக்கும் நிக்கமாட்டார் மச்சான். கோவிக்காதீங்க."

"ஆருக்கும்?"

"ஆருக்கும்."

போடியார் இன்னும் கொஞ்சம் தள்ளினார். பிறகு நின்று, தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். வயிறு குலுங்கத் தொடங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"எனக்கே நிக்காதவன்," என்றார், "ஒருத்திக்கு நிப்பானா?"

உச்சியில் காக்கா மூன்று வாழைப்பழத்தோடு உட்கார்ந்திருந்தார். போடியார் பழத்தை வாங்கவில்லை. பாறை விளிம்பில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். தன் வயல் முழுவதையும் ஒரே பார்வையில் அவர் அன்றைக்குத்தான் கண்டார். வரம்பு, வாய்க்கால், களம், எல்லாம் கையில் எடுத்துவிடலாம் போல. கொஞ்ச நேரம் பள்ளிவாசலுக்குள் தொழ நிற்கிறவர்போல நின்றார். பிறகு, "அது என்ட எருமை," என்றார். "மற்றவன்ட வயலுக்குள்ள நிக்குது." அங்கிருந்தே எருமையை ஏசத் தொடங்கினார். காக்கா தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

இறங்கும் வழியில் பிறேக்கை இறுக்கிப் பிடித்தபடி போடியார் என்னிடம் கலியாண நாளைச் சொன்னார். அன்றைக்கு அவர் வீட்டில் வெற்றிலைத் தட்டம் என் பக்கம் வந்தது. அவருடைய பெண்சாதி, "மேல என்ன இருந்த?" என்று கேட்டா. "ஒண்டுமில்ல," என்றார் போடியார். அவ அவரை ஒரு பார்வை பார்த்தா. காலையில் காக்காவுக்காக வைத்திருந்த பார்வையை அவ அப்போது தன் புருஷனுக்கு மாற்றிவிட்டா.

கலியாணம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளை உடுத்த சட்டை காக்கா தைத்தது, அதைக்கூட அவர் அவசரப்பட்டு முடிக்கவில்லை. கலியாணத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை அவருக்கு விருந்தாட்கள், அவர் போகவில்லை. என்னை அதன் பிறகு யாரும் எதையும் பார்த்து வரச் சொல்லவில்லை. பேச்சு முடிந்துவிட்டது, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிட்டார், மலையில் எனக்கு எந்தக் காரியமும் மிச்சம் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை சுபஹுக்குப் பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். ஓடவில்லை, எழும்பி நிற்கவில்லை, வளைந்து வளைந்து ஏறினேன். உச்சிக்கு ஒரு வளைவு இருக்கும்போது கால் விட்டுவிட்டது. இறங்கினேன். முன்னால் யாரும் இல்லை, பின்னால் யாரும் இல்லை. தள்ளினால் கொஞ்ச நேரத்தில் மேலே போய்விடலாம். கொஞ்சம் மூச்சு வாங்கினேன். பிறகு சைக்கிளைத் திருப்பி, மலையடிக்கே உருட்டிக்கொண்டு போய், முதல் மிதியிலிருந்து திரும்பவும் தொடங்கினேன்.